கொலஸ்ட்ரால் இருக்கு, புரோட்டீன் பவுடர் எடுக்கலாமா? கடைக்கு வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

சப்ளிமெண்ட் கடை கவுண்டர்ல நிக்கிற ஆளு நான். முன்னாடியெல்லாம் "எது போட்டா சீக்கிரம் பாடி ஏறும்"னு கேட்டுட்டு வருவாங்க, இப்ப போன்ல லிப்பிட் ப்ரொஃபைல், அதாவது ரத்தக் கொழுப்பு டெஸ்ட் ரிப்போர்ட்டைத் திறந்து நீட்டிட்டு "இதுக்கு எது ஒத்துக்கும்"னு கேக்குறாங்க, முப்பது வயசு தாண்டாத பசங்ககூட. ஒரே பதிலை எத்தனை தடவை சொல்றது, அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி வச்சிருக்கேன். நான் டாக்டர் இல்ல, விக்கிறவன். அதனால நானே "வாங்காதீங்க"னு சொல்ற இடத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலா நம்பிக்கோங்க.

அண்ணா எல்டிஎல் 148 வந்திருக்கு, இனிமே புரோட்டீன் பவுடரைத் தொடவே கூடாதா?

தொடலாம். பவுடர்ல இருக்குற புரோட்டீன் எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை, ஏத்துற பொருள் இல்ல. வே புரோட்டீன் (பால்லருந்து பிரிச்சு எடுக்குறது) வச்சு நடந்த ஆய்வுகள்ல பொதுவா எல்டிஎல் அப்படியே நின்னிருக்கு, சிலதுல லேசா குறைஞ்சும் இருக்கு. பிரச்சனை பண்றது பவுடரோட ஒட்டிக்கிட்டு வர்ற மத்த சமாச்சாரம், அதாவது கொழுப்பு, சர்க்கரை, நாம அதுல கலக்குற பால், அது கூட சாப்பிடுற பார்.

ஆனா 148ன்னு ஒரு நம்பரை மட்டும் பாத்துட்டு கடைக்கு வராதீங்க. சுகர், பிபி, சிகரெட், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயசுல ஹார்ட் அட்டாக், இதெல்லாம் சேர்த்து வச்சுதான் 148 பெருசா சின்னதான்னு டாக்டர் சொல்வாரு. எல்டிஎல் 190க்கு மேல போயிருந்தா பரம்பரையா வர்ற வகையாகூட இருக்கலாம், அதுக்கு முதல்ல டாக்டர், அப்புறம்தான் ஜிம்மு, பவுடரு எல்லாம்.

டப்பா பின்னாடி கொலஸ்ட்ரால் 60 மில்லிகிராம்னு போட்டிருக்கே, அது அப்படியே ரத்தத்துல போய் சேராதா?

சேராது. நம்ம ரத்தத்துல ஓடுற கொலஸ்ட்ரால்ல பெரும்பங்கு உடம்பே தயாரிக்கிறது, அதுல கல்லீரலுக்கு முக்கியமான வேலை. சாப்பாட்டுல கொஞ்சம் கூடுனா நிறைய பேருக்கு கல்லீரல் தன் தயாரிப்பைக் குறைச்சுக்கும். எல்லாருக்கும் ஒரே அளவுல இல்ல, சிலருக்கு சட்டுன்னு ஏறும், ஆனாலும் 60ங்கிறது சின்ன நம்பர், ஒரு முட்டை மஞ்சள் கருவுலயே சுமார் 185 இருக்கு. ஒரு நாளைக்கு 300க்கு மேல கூடாதுங்கிற அந்தப் பழைய கணக்கைக்கூட அமெரிக்க உணவு வழிகாட்டில 2015லயே எடுத்துட்டாங்க. அதுக்காக இஷ்டத்துக்கு சாப்பிடச் சொல்லல, குறைவா வச்சுக்கோங்கன்னுதான் அதுலயும் இருக்கு.

நீங்க பாக்க வேண்டிய வரி அதுக்கு மேல இருக்கும், சாச்சுரேட்டட் ஃபேட்னு, அதாவது நிறைவுற்ற கொழுப்பு. கல்லீரல் மேல எல்டிஎல்லைப் பிடிச்சு உள்ள இழுக்குற ரிசெப்டர்கள் இருக்கு, சாச்சுரேட்டட் ஃபேட் அதிகமானா அந்த ரிசெப்டர்கள் குறையும், எல்டிஎல் ரத்தத்துலயே சுத்திக்கிட்டு நிக்கும். எல்டிஎல் ஜாஸ்தியா இருக்குறவங்களுக்கு மொத்த கலோரில 6, 7 சதவீதத்துக்குள்ள இது இருக்கணும்பாங்க, 2000 கலோரி சாப்பிடுறவருக்கு அது 13லருந்து 15 கிராம். ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெயிலயே கிட்டத்தட்ட 12 கிராம் போயிடும். அதை வச்சுப் பாத்தா டப்பாவுல இருக்குற 1, 2 கிராம் எவ்ளோன்னு உங்களுக்கே தெரியும்.

கான்சன்ட்ரேட், ஐசோலேட், ஹைட்ரோலைஸ்டுன்னு தலை சுத்துது, எது வாங்க?

மூணுமே வே புரோட்டீன்தான், பால் திரைஞ்சா பிரியுமே ஒரு தண்ணி, பனீர் கட்டும்போது கீழ ஊத்துவோமே, அதுலருந்து வர்றதுதான். அதை வடிகட்டி உலர்த்துனா கான்சன்ட்ரேட், கடையில ஓடுறதுல பெரும்பாலும் 70லருந்து 80 சதவீதம் புரோட்டீன், மிச்சம் லாக்டோஸும் கொஞ்சம் கொழுப்பும். இன்னும் நுணுக்கமா வடிகட்டுனா ஐசோலேட், 90 சதவீதம் கிட்ட புரோட்டீன், கொழுப்பு ஒரு சதவீதம் அளவுதான். கொலஸ்ட்ரால் கொழுப்போட சேர்ந்தே வர்ற பொருள், அதனால கொழுப்பு போனா அதுவும் போயிடும், அதான் கான்சன்ட்ரேட் டப்பாவுல 50, 60 இருக்குற இடத்துல ஐசோலேட்ல 5, 10னு நிக்குது. ஹைட்ரோலைஸ்டுங்கிறது ஏற்கனவே துண்டு துண்டா உடைச்சு வச்சது, சீக்கிரம் ஜீரணம் ஆகும், விலை எகிறும், கொலஸ்ட்ரால் விஷயத்துல அதனால தனி லாபம் ஒண்ணும் இல்ல.

ஐசோலேட் வாங்குற வசதி இருந்தா வாங்குங்க, பால் குடிச்சா வயிறு கடமுடாங்குறவங்களுக்கும் அது நல்லது. ஆனா ஆயிரம் ரூபா கூடக் குடுத்து ஐசோலேட் வாங்கிட்டு போற வழியில பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டா அந்த ஆயிரம் வேஸ்ட். கான்சன்ட்ரேட்டை தண்ணில கலந்து குடிச்சு, வீட்டுல எண்ணெயைக் குறைக்கிற ஆளுக்கு ரிப்போர்ட் நல்லா வரும்.

பால்ல கலந்தா டேஸ்ட்டா இருக்கு, தண்ணில குமட்டுது, என்ன பண்ண?

எனக்குப் பிடிச்ச கேள்வி இது, ஏன்னா நிறைய பேரோட சிக்கல் இங்கதான் இருக்கு. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் 6 சதவீதம் கொழுப்பு, பச்சை 4.5, நீலம் 3. ஆரஞ்சு பால் கால் லிட்டர் எடுத்தா 15 கிராம் கொழுப்பு, அதுல 9 கிராம் போல சாச்சுரேட்டட். மேல சொன்ன 13லருந்து 15 கிராம்ல பாதிக்கு மேல ஒரே டம்ளர்ல முடிஞ்சுது. காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு ரெண்டு ஷேக் போட்டா அன்னைக்கு கணக்கு ஓவர், இன்னும் இட்லிக்கு சட்னியே அரைக்கல. டப்பாவுல 60 மில்லிகிராம் பாத்துப் பயந்தவரு இந்தப் பாலை யோசிக்கவே மாட்டாரு.

தண்ணி ஒத்துக்கலேன்னா கொழுப்பு நீக்குன பால், இல்லாட்டி வெண்ணெய் எடுத்த மோர்ல வாசனை இல்லாத பவுடர், உப்பும் பெருங்காயமும் ஒரு சிட்டிகை போட்டா சுமாரா இறங்கும். ஓட்ஸ் சேர்த்து அடிக்கலாம், ஓட்ஸ்ல இருக்குற பீட்டா குளுக்கான் தினம் 3 கிராம் உள்ள போனா எல்டிஎல் கொஞ்சம் இறங்கும். தேங்காய்ப் பால், எம்சிடின்னு ஒரு கொழுப்புப் பவுடர், வெண்ணெய் போட்ட காபி, இதெல்லாம் ஃபிட்னஸ் பேர்ல சுத்துது, உங்க ரிப்போர்ட்டுக்கு வேணாம்.

எனக்கு நிஜமாவே பவுடர் தேவையா, தினம் எவ்ளோ புரோட்டீன் வேணும்?

மத்திய அரசோட ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் (ஐசிஎம்ஆர் என்ஐஎன்) 2020ல போட்ட கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். வெயிட் தூக்குறவங்களுக்கு 1.2லருந்து 1.6 வரைக்கும் பிரயோஜனம் உண்டு, அதுக்கு மேல போனா தசை அதுக்குத் தகுந்த மாதிரி கூடுறதில்ல. அதே என்ஐஎன் 2024ல வெளியிட்ட வழிகாட்டில புரோட்டீன் பவுடரைத் தவிருங்கன்னே சொல்லிருக்காங்க. நான் அந்த அளவுக்கு போகல, ஆனா சாப்பாட்டுலயே வர்றவங்களுக்கு டப்பா தேவையில்லங்கிறது சரிதான்.

மூணு வேளையும் இட்லி, சாதம், தோசைன்னு ஓடுற வீட்டுல 50 கிராமே தொடாது, சாம்பார்ல போடுற பருப்பு ஒரு ஆளுக்கு 30 கிராம் வந்தாக்கூட அதுல 7 கிராம்தான். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒரு ஸ்கூப். நாளுக்கு மூணு ஸ்கூப் போடுறவரைப் பாத்தா எனக்கு வியாபாரம், அவருக்கு பர்ஸ் காலி.

அவ்ளோ காசு இல்லண்ணா, மீல்மேக்கர் முட்டைன்னு ஓட்டலாமா?

தாராளமா. உலர்ந்த மீல்மேக்கர் 100 கிராம்ல 52 கிராம் புரோட்டீன், கொழுப்பு ஒண்ணுமே இல்லேங்கிற அளவு. 50 கிராம் ஊறப்போட்டு பிழிஞ்சு மிளகு போட்டு வதக்குனா ஒரு ஸ்கூப் வே கணக்கு முடிஞ்சுது. எண்ணெயில பொரிச்சு மஞ்சூரியன் பண்ணாதீங்க, அது நல்லா எண்ணெய் குடிக்கும். முட்டைல வெள்ளைக் கருவுல 3.6 கிராம் புரோட்டீன், கொலஸ்ட்ரால் சுத்தமா கிடையாது. மஞ்சள் கருவை அடியோட விடணுமான்னு டாக்டரைக் கேளுங்க, பல பேருக்கு நாளுக்கு ஒண்ணு பரவால்லம்பாங்க, சுகர் இருக்குறவங்களுக்கு வேற மாதிரி சொல்லலாம்.

சுண்டல், பாசிப்பயறு, தோல் உரிச்ச கோழி நெஞ்சுக்கறி, மத்தி மீன் எல்லாம் ஓகே. பனீர் மட்டும் யோசிச்சு சாப்பிடுங்க, வெஜ் புரோட்டீன்னு 200 கிராம் சாப்பிடுறாங்க, 100 கிராம்லயே 20 கிராம் அளவுக்கு கொழுப்பு இருக்கு. சத்துமாவு நல்லதுதான், ஆனா அது பெரும்பாலும் மாவுச்சத்து, புரோட்டீன் பவுடருக்கு மாத்து ஆகாது.

சோயா, பட்டாணி புரோட்டீன்னா கொலஸ்ட்ராலே குறையும்னு சொல்றாங்களே நெஜமா? சோயா சாப்பிட்டா ஆம்பளைக்கு ஹார்மோன் கெடுமாமே?

செடில கொலஸ்ட்ரால் கிடையாது, அதனால பட்டாணி, சோயா டப்பால எல்லாம் சைபர்தான் இருக்கும். சோயா தினம் 25 கிராம் புரோட்டீன் அளவுக்கு எடுத்தா எல்டிஎல் 3, 4 சதவீதம் இறங்குறது ஆய்வுகள்ல தெரியுது. இதயத்துக்கு நல்லதுன்னு டப்பாவுல போட்டுக்க அமெரிக்காவுல உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999ல அனுமதி குடுத்துச்சு, அப்புறம் ஆதாரம் அவ்ளோ உறுதியா இல்லேன்னு 2017ல அவங்களே அதைத் திரும்ப எடுக்கலாம்னு முன்மொழிஞ்சாங்க. 148ல 4 சதவீதம்னா 6 பாயிண்ட், அவ்ளோதான். கறிக்கு பதிலா சோயா சாப்பிட்டா கறியோட கொழுப்பு குறையுது பாருங்க, அந்த லாபம்தான் கூட.

ஹார்மோன் பயம் தேவையில்ல, சாதாரண அளவு சோயா ஆம்பளைங்க டெஸ்டோஸ்டிரோனை குறைக்கிறதா ஆய்வுகள்ல வரல. பட்டாணில மெத்தியோனின்ங்கிற அமினோ அமிலம் கம்மி, அதான் அரிசி புரோட்டீனோட கலந்து விக்கிறாங்க. டேஸ்ட்டு பத்தி மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.

ஒல்லியா இருக்கேன், மாஸ் கெய்னர் போடுறேன், இப்ப ட்ரைகிளிசரைடு 290!

நிறுத்துங்க. கெய்னர்ல முக்கால்வாசி மால்ட்டோடெக்ஸ்ட்ரின், அது சட்டுன்னு சர்க்கரையா மாறுற மாவு. செலவாகாத சர்க்கரையை கல்லீரல் ட்ரைகிளிசரைடுங்கிற கொழுப்பா மாத்தித்தான் ரத்தத்துக்கு அனுப்பும். இதே பணத்துல வேர்க்கடலை, வாழைப்பழம், முட்டை, கூட ரெண்டு கரண்டி சாதம்னு சாப்பிட்டாலே எடை ஏறும். சரக்கு பழக்கம் இருந்தா அதையும் சேர்த்து நிறுத்திட்டுப் பாருங்க, ட்ரைகிளிசரைடுக்கு அதுதான் பாதி காரணமா இருக்கும் பல பேருக்கு.

புரோட்டீன் பார், பீனட் பட்டர் மேலெல்லாம் "கொலஸ்ட்ரால் ஃப்ரீ"னு இருக்கே, அது சேஃப்தானே?

கடலைல எப்பவுமே கொலஸ்ட்ரால் இருந்ததில்ல, அதைப் போய் பெருசா அச்சடிச்சு விக்கிறாங்க. பீனட் பட்டர் கொழுப்பு பெரும்பாலும் நல்ல வகைதான், எல்டிஎல்லுக்கு கெடுதி இல்ல, ஆனா ரெண்டு டேபிள்ஸ்பூன்ல 190 கலோரி, புரோட்டீன் 7, 8 கிராம்தான். அதை புரோட்டீன் சப்ளிமெண்ட்னு நினைச்சு பாட்டிலோட ஸ்பூன் போடாதீங்க. சர்க்கரை, பாம் ஆயில் சேர்க்காததா பாத்து வாங்குங்க.

பார்தான் ஆபத்து. மேல இருக்குற சாக்லேட் பூச்சு பெரும்பாலும் பாம் கெர்னல் எண்ணெய், அதுல 80 சதவீதம் சாச்சுரேட்டட். பொருள் பட்டியல் எடை வரிசைல இருக்கும், முதல் நாலஞ்சு பேருக்குள்ள அந்த எண்ணெயோ சர்க்கரையோ வந்தா அது மிட்டாய்.

டாக்டர் ரோசுவாஸ்டாட்டின் குடுத்திருக்காரு, பவுடரோட சேர்த்துப் போடலாமா? உடம்பெல்லாம் வலிக்குதே, மாத்திரைனாலயா ஜிம்முனாலயா?

வெறும் வே, சோயா, பட்டாணி புரோட்டீனோட ரோசுவாஸ்டாட்டின் மாதிரி கொலஸ்ட்ரால் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரைக்கு சண்டை ஒண்ணும் இல்ல. ஆனா "ஹார்ட் கேர்", "கொலஸ்ட்ரால் கட்டர்"னு விக்கிற கேப்சூல்ல ரெட் ஈஸ்ட் ரைஸ் (ஒரு வகை ஈஸ்ட்ல புளிக்க வச்ச அரிசி) இருக்கான்னு பாருங்க, அதுல இருக்குற மோனகோலின் கே வேதியியல்படி லோவாஸ்டாட்டின்ங்கிற ஸ்டாட்டினேதான், அதாவது மாத்திரைக்கு மேல மாத்திரை. ஃபேட் பர்னரும் வேணாம்.

வலி விஷயம் கொஞ்சம் கஷ்டம், ஏன்னா ஸ்குவாட் போட்ட மறுநாள் வலியும் மாத்திரை வலியும் பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும். ஸ்டாட்டின் வலி பொதுவா ரெண்டு பக்கமும் வரும், தொடை, தோள்னு பெரிய தசைல, லெக் டே போடாத வாரத்துலயும் இருக்கும். டாக்டர் சிகே டெஸ்ட் (தசை பாதிப்பைக் காட்டுற ரத்த டெஸ்ட்) எழுதுவாரு, அதுக்கு முன்னாடி ஒரு வாரம் கனமா தூக்காதீங்க, தூக்குனா எந்த மாத்திரையும் போடாதவனுக்கே சிகே ஏறும். நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க. மூத்திரம் கோலா கலர்ல போனா மட்டும் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரி.

அதே மாதிரி எனக்கு எஸ்ஜிஓடி, கிரியேட்டினின் ரெண்டும் ஏறிருக்கு, லிவரும் கிட்னியும் போச்சா?

மேல சொன்ன சிகே கதைதான் இதுக்கும் பாதி பொருந்தும். எஸ்ஜிஓடி லிவர் டெஸ்ட்ல பாக்குற என்சைம், ஆனா அது தசையிலயும் இருக்கு, கடுமையான பயிற்சிக்கு அப்புறம் ஏறும். கிரியேட்டின் பவுடர் எடுத்தா கிட்னி டெஸ்ட்ல பாக்குற கிரியேட்டினின் நம்பர் கூடும், கிட்னி நல்லா இருந்தாலும். அதனால டாக்டர்கிட்ட என்னென்ன டப்பா ஓடுதுன்னு வாயைத் திறந்து சொல்லுங்க, நிறைய பேர் கூச்சப்பட்டு மறைச்சிட்டு இல்லாத வியாதிக்கு ஸ்கேன் எடுத்துட்டு வர்றாங்க. ஆனா பவுடர்னாலதான்னு நீங்களா முடிவு பண்ணி விட்டுடாதீங்க, சுகர், பிபி இருந்தா நிஜ கிட்னி பிரச்சனையும் இருக்கலாம், அப்படி இருந்தா புரோட்டீன் அளவையே டாக்டர்தான் சொல்லணும்.

அக்காவுக்கு தைராய்டு மாத்திரை, கொலஸ்ட்ராலும் இருக்கு, சோயா நல்லதுன்னு சொன்னீங்களே?

தைராய்டு கம்மியா சுரந்தாலே எல்டிஎல் ஏறும், முதல்ல டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்ல வர்ற நம்பர்) கட்டுப்பாட்டுல இருக்கான்னு பாருங்க. பல பேருக்கு அதைச் சரி பண்ணுனாலே இதுவும் இறங்கிடுது. சோயாவும், கால்சியம் இருக்குற வேயும் தைராக்ஸின் மாத்திரை உடம்புல சேர்றதைக் குறைக்கும், அதனால காலைல வெறும் வயித்துல மாத்திரை, பவுடர் நாலு மணி நேரம் தள்ளி. சாயங்காலம் வச்சுக்கிட்டா குழப்பமே இல்ல.

ஜிம்முல ஒரு பவுடர் குடுத்தாங்க, ரெண்டு மாசத்துல செம்ம ரிசல்ட், ஆனா ஹெச்டிஎல் 19, ஏன்?

அது புரோட்டீன் மட்டும் இல்லேன்னுதான் நான் நினைப்பேன். ஸ்டெராய்டு, முக்கியமா வாய்வழியா போற டையனபால், ஸ்டனோசோலால் மாதிரி சரக்கு, சில வாரத்துலயே ஹெச்டிஎல்லை, அதாவது நல்ல கொலஸ்ட்ராலை, பாதிக்குக் கீழகூட இறக்கும், எல்டிஎல்லை ஏத்தும். வே அப்படி பண்ணாது. லேபிள் இல்லாத டப்பா, "ஸ்பெஷல் மிக்ஸ்", "இம்போர்ட் பண்ணது தம்பி, பில் கிடையாது", கூடவே முகத்துல முதுகுல பரு, பிபி, கோவம், விதை சுருங்குறதுன்னு இருந்தா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட நேராவே சொல்லுங்க. நீண்ட நாள் எடுத்தவங்க திடீர்னு விட்டா சொந்த ஹார்மோன் சுரக்க நேரம் ஆகும், அதுக்கும் அவரு வழி சொல்வாரு. ஹெச்டிஎல் திரும்ப மாசக்கணக்கு ஆகலாம். குடுத்த ஆளுகிட்ட மறுபடி போய் ஆலோசனை கேக்காதீங்க, தயவுசெஞ்சு.

ஒரிஜினல் எது டூப்ளிகேட் எதுன்னு எப்படிண்ணா கண்டுபிடிக்க?

2024ல கேரளா டாக்டர் குழு ஒண்ணு இந்தியால விக்கிற 36 பவுடரை லேப்ல சோதிச்சுது, கிட்டத்தட்ட 70 சதவீதத்துல டப்பாவுல போட்ட புரோட்டீன் கணக்கு சரியா இல்ல, சிலதுல பாதிதான் இருந்துச்சு. 14 சதவீதத்துல பூஞ்சை விஷமான அஃப்லாடாக்ஸின் வேற. நான் விக்கிற பொருள் பத்தி நானே இதைச் சொல்றேன்.

புரோட்டீன் டெஸ்ட்ல நைட்ரஜனைத்தான் அளக்குறாங்க, அதனால மலிவான கிளைசின், டாரைன் மாதிரி அமினோ அமிலம் கலந்தா நம்பர் ஏறிக் காட்டும். பொருள் பட்டியல்ல அது தனியா இருந்தா சந்தேகப்படுங்க. 25 கிராம் வே புரோட்டீன்ல லூசின்ங்கிற அமினோ அமிலம் இரண்டரை கிராம் அளவு வரணும், அதைவிட ரொம்பக் கம்மின்னா ஏதோ இடிக்குது. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பர் 14 இலக்கம், அதை ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்ல தட்டிப் பாருங்க. வெளிநாட்டு டப்பான்னா இறக்குமதி பண்ணுனவங்க பேர், முகவரி ஸ்டிக்கர் இருக்கணும். டப்பா மேல சுரண்டிப் பாக்குற ஸ்க்ராட்ச் கோடையே போலியா அடிக்கிறாங்க, அதை மட்டும் நம்பி வாங்காதீங்க. பில் கண்டிப்பா வேணும்.

பவுடர் ஆரம்பிச்சு ஒரு மாசத்துல எல்டிஎல் 148லருந்து 160 ஆயிடுச்சு, பவுடர்தானே காரணம்?

அவசரப்படாதீங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு டெஸ்ட்டுக்கு நடுவுல 10 சதவீதம் போல சும்மாவே மாறும், 148க்கு அது 15 பாயிண்ட். அப்புறம் யோசிங்க, பவுடரோட சேர்த்து வேற என்ன மாறுச்சு? நாலு முட்டை முழுசா சாப்பிட ஆரம்பிச்சீங்களா, கீட்டோன்னு சாதத்தை விட்டுட்டு நெய்யும் கறியுமா போகுதா? கீட்டோல சிலருக்கு, அதுவும் ஒல்லியா ஃபிட்டா இருக்குறவங்களுக்கு, எல்டிஎல் 200ஐத் தாண்டிப் போறதுண்டு. இல்லாட்டி பால் கேள்விக்கு திரும்பப் போங்க, எந்தக் கலர் பாக்கெட்?

ஒண்ணு மட்டும் மாத்துங்க, ஆறுலருந்து பன்னிரண்டு வாரம் கழிச்சு அதே லேப்ல எடுங்க. ட்ரைகிளிசரைடு ஜாஸ்தி இருக்குறவங்க 10, 12 மணி நேரம் வெறும் வயித்துல போங்க, நிறைய லேப்ல எல்டிஎல்லை நேரா அளக்காம மத்த நம்பரை வச்சு கணக்குப் போடுறாங்க, ட்ரைகிளிசரைடு 400க்கு மேல போனா அந்தக் கணக்கு தப்பா வரும். காய்ச்சல்ல இருக்கும்போதும் எடுக்காதீங்க.

அப்பாவுக்கு 62 வயசு, போன வருஷம் ஸ்டென்ட் வச்சாங்க, தளர்ந்துட்டாரு, பவுடர் வாங்கித் தரலாமா?

வயசானவங்களுக்கு தசை கரையும், புரோட்டீன் நிஜமாவே தேவைப்படுற ஆளு ஜிம்முப் பசங்களைவிட அவர்தான். ஸ்டென்ட் வச்சவருக்கு எல்டிஎல் 55க்குக் கீழ கொண்டு வரச் சொல்வாங்க, அதை மாத்திரைதான் செய்யும், எந்தப் பவுடரும் செய்யாது. கிரியேட்டினின் ரிப்போர்ட்டோட அவரோட கார்டியாலஜிஸ்ட்கிட்ட கேட்டுட்டு வாங்க, சரின்னா வாசனை இல்லாத ஐசோலேட் அரை ஸ்கூப், கஞ்சி ஆறுன அப்புறம் கலந்து குடுங்க, கொதிக்கும்போது போட்டா கட்டி கட்டியாயிடும். "ஹெல்த் டிரிங்க்"னு பேர் வாங்குன மால்ட்டு டப்பா வேணாம், அதுல புரோட்டீனைவிட சர்க்கரைதான் ஜாஸ்தி. மலச்சிக்கல் இருந்தா ராத்திரி இசப்கோல் ஒரு ஸ்பூன் நிறைய தண்ணியோட, எல்டிஎல்லுக்கும் அது கொஞ்சம் உதவும், மத்த மாத்திரைங்களுக்கும் அதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விட்டுக்கோங்க. பெரிய டப்பா வாங்காதீங்க, அரை கிலோ போதும், பிடிக்கலேன்னா அவரு தொடவே மாட்டாரு.